தெரியும் மிஸ், ஆனா செஞ்சுட்டேன்

பெற்றோர் சந்திப்பு நாளில் நான் அதிகம் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "எவ்வளவோ சொல்லிட்டோம் மிஸ், கேக்கவே மாட்டேங்கிறான்." அம்மாவோ அப்பாவோ இதைச் சொல்லும்போது பிள்ளை பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். சில சமயம் அப்போதுகூட அதன் கை என் மேசையில் இருக்கும் ஸ்டேப்ளரை எடுத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். எந்த வருடமும் இப்படிச் சிலர் இல்லாமல் வகுப்பு அமைந்ததில்லை. கேள்வி முடிவதற்குள் பதிலைக் கத்துகிறவர்கள், வரிசையில் இடித்துக்கொண்டு முன்னால் போகிறவர்கள், பக்கத்தில் இருப்பவரின் பென்சிலைக் கேட்காமலே எடுத்துவிடுகிறவர்கள், கோபம் வந்த வேகத்தில் கை நீட்டிவிடுகிறவர்கள். அவசரக்குடுக்கை, முந்திரிக்கொட்டை என்று ஆசிரியர் அறையில் இவர்களுக்குச் சீக்கிரமே பெயர் வைத்துவிடுவோம். அந்தப் பெயர் எப்படியோ பிள்ளைகள் காதுக்கும் போய்விடும். அப்புறம் வகுப்பில் என்ன விழுந்து உடைந்தாலும் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும். இது எனக்குப் பொறுக்காத விஷயம்.

"எவ்வளவோ சொல்லிட்டோம்" என்கிற பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான்: நீங்கள் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்கிறது, புரிந்தும் இருக்கிறது. இப்போதே கேட்டுப் பாருங்கள். வரிசையில் நிற்கிறவனைத் தள்ளலாமா என்றால் கூடாது என்பான். ஏன் கூடாது என்று காரணமும் சொல்வான். வகுப்பில் அவன் அளவுக்கு விதிகளைத் தெளிவாக ஒப்பிக்கிற பிள்ளை வேறு யாரும் இருக்க மாட்டார்கள், ஏனென்றால் அவனுக்குச் சொன்ன அளவுக்கு வேறு யாருக்கும் யாரும் சொன்னதில்லை. ஒருமுறை, பக்கத்துப் பையனைத் தள்ளிவிட்டு நின்ற ஒருவனிடம் "தள்ளக் கூடாதுன்னு தெரியும்தானே?" என்று கேட்டேன். "தெரியும் மிஸ், ஆனா செஞ்சுட்டேன்" என்றான். அதில் பொய்யும் இல்லை, திமிரும் இல்லை. கை முந்திவிட்டது, எண்ணம் பின்னால் வந்து சேர்ந்தது.

ஏடிஎச்டி (கவனத்தை நிறுத்துவதும், துடிப்பையும் அவசரத்தையும் அடக்குவதும் கடினமாக இருக்கும் வளர்ச்சிக் குறைபாடு) பற்றிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்த அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார். இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும், தெரிந்ததைச் செய்வதில்தான் சிக்கல் என்பார். அதனால் உதவியும் காரியம் நடக்கிற இடத்திலேயே, நடக்கிற நேரத்திலேயே கிடைக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு பள்ளியில் நடப்பதைப் பாருங்கள். காலையில் நடந்ததற்கு மாலையில் அறிவுரை. திங்கட்கிழமை செய்ததற்கு வெள்ளிக்கிழமை விளையாட்டு நேரம் ரத்து. அந்த நொடியில் மட்டும் அவன் பக்கத்தில் யாரும் இல்லை.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணிக்குத்தான் 'கொஞ்சம் பொறு' என்று உடம்பை நிறுத்தி வைக்கிற வேலையில் பெரும் பங்கு. மூளையில் கடைசியாக முதிர்கிற பகுதிகளில் அதுவும் ஒன்று. இருபது வயதைத் தாண்டியும் அதன் வளர்ச்சி நடந்துகொண்டிருக்கும். எல்லாப் பிள்ளைக்கும் அது ஒரே வேகத்தில் நடப்பதும் இல்லை. பிலிப் ஷாவும் குழுவினரும் 2007-இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளின் மூளைப் புறணி முதிர்வதில் ஏறத்தாழ 3 ஆண்டுகள் தாமதம் தெரிந்தது. வளர்கிற வரிசை மற்றவர்களுக்கு இருப்பதைப் போலத்தான் இருந்தது, காலம்தான் தள்ளிப்போயிருந்தது. அந்தத் தாமதம் முன்பகுதியில் அதிகம். ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்த்து "இந்த வயசுக்கு இதுகூடவா?" என்று கேட்பதற்கு முன் இதை நினைத்துக்கொண்டால் குரலே மாறிவிடும்.

அதற்காக, அவசரப்படுகிற பிள்ளைக்கெல்லாம் ஏடிஎச்டி என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. வருடத் தொடக்கத்தில் நான் முதலில் பார்ப்பது பிறந்த தேதியை. ஒரே வகுப்பில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம் இருக்கலாம். எட்டு வயதில் ஒரு வருடம் என்பது சின்ன விஷயமா? 2018-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. பள்ளியில் சேர்க்கச் செப்டம்பர் 1 என்று வயது எல்லை வைத்திருக்கும் மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளுக்கு ஏடிஎச்டி என்று கண்டறியப்பட்ட விகிதம் செப்டம்பரில் பிறந்தவர்களுடையதைவிட 34 சதவீதம் கூடுதலாக இருந்தது. வகுப்பிலேயே வயதில் சிறியவர்கள் ஆகஸ்டில் பிறந்தவர்கள்தான். வயசுக்கேற்ற சிறுபிள்ளைத்தனம் சிலருக்கு நோயாகத் தெரிந்திருக்கக்கூடும் என்ற கவலை இதிலிருந்து வருகிறது. தேதியைப் பார்த்த பிறகு தூக்கம், காது, கண், வீட்டில் ஏதாவது பெரிய மாற்றம் என்று கேட்டுக்கொள்வேன். ராத்திரி சரியாகத் தூங்காத பிள்ளைக்குப் பொறுமை இருக்காது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளை, வாசிக்கத் தன் முறை வருவதற்குள் எதையாவது செய்து வெளியே அனுப்பப்பட்டுவிடும்.

அப்புறம்தான் நோட்டு. ஒரு சின்ன நோட்டில் நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன் பிறகு என்ன ஆனது என்று ஒவ்வொரு வரி எழுதுவேன். "எப்பப் பாத்தாலும் இப்படித்தான்" என்று நமக்குத் தோன்றுவது பெரும்பாலும் உண்மையாக இருக்காது. நோட்டைப் புரட்டினால் அது குறிப்பிட்ட சில இடங்களில், சில நேரங்களில் குவிந்திருக்கும்.

நாளெல்லாம் தள்ளுமுள்ளு என்று பெயர் வாங்கிய ஒரு பையனின் பக்கத்தைப் பார்த்தபோது, அநேகமாக எல்லாமே வரிசையில் நடந்திருந்தன. அதிலும் அவன் நடுவில் நின்றபோது மட்டும். முன்னால் ஒரு முதுகு, பின்னால் ஒரு மூச்சு, கைக்கு வேலையில்லை, எப்போது நகரும் என்றும் தெரியாது. அவனைக் கடைசியில் நிறுத்தி, எல்லோரும் வெளியே போனதும் விளக்கையும் மின்விசிறியையும் அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தும் வேலையைக் கொடுத்தோம். தள்ளுவது வெகுவாகக் குறைந்தது. அவன் குணம் மாறிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இடம் மாறியதால் அவனுக்குத் தாங்க முடிந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு சிறுமி பதிலைக் கத்திக்கொண்டே இருப்பாள். நோட்டில் பார்த்தால் மனக்கணக்கில்தான் அது மிக அதிகம். தனியாகக் கூப்பிட்டு, "கை தூக்கிட்டு இருக்கும்போது உள்ள என்ன நடக்குது?" என்று கேட்டேன். "சொல்லலைன்னா மறந்துடும் மிஸ்" என்றாள். அவளுக்கு அது அடம் கிடையாது, பயம். விடையைத் தலையில் பிடித்து வைத்துக்கொள்வதே பெரும்பாடாக இருக்கிற பிள்ளையிடம், அதைப் பிடித்துக்கொண்டே அமைதியாகவும் இரு என்றால் எப்படி? ஒரு சிலேட்டைக் கொடுத்து, விடை வந்ததும் எழுதிக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். எழுதிய விடை எங்கும் ஓடிப்போகாது என்று தெரிந்ததும் அவள் வாய் தானாக அமைதியானது. பிறகு வகுப்பு முழுவதும் சிலேட் கேட்டது, கொடுத்தேன். எல்லோருக்குமே நல்லதாகத்தான் போனது.

ஆசிரியர்களாகிய நாமும் இதில் சேர்த்தி. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளை வைத்துக் கணக்கெடுத்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடிக்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின, சும்மா இருந்த பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். வேகத்துக்குப் பரிசு கொடுக்கிற வகுப்பில் இருந்துகொண்டு, வேகமாகச் சொல்லிவிட்டான் என்று ஒருவனை மட்டும் திட்டுவது நியாயம் கிடையாது. என் வகுப்பில் கேள்வி கேட்டதும் உள்ளங்கையை உயர்த்தி வைப்பேன். கை இறங்கும்வரை யாரும் பதில் சொல்லக் கூடாது, நானும் பேச மாட்டேன். பொறுமையாக இரு என்று சொன்னால் எவ்வளவு நேரம் என்று பிள்ளைக்குத் தெரியாது. கையைப் பார்த்தால் தெரியும்.

இனி எழுத்துவேலை. கணக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளை தேர்வில் பாதி தப்பாகப் போட்டுவிட்டு வருவதை எல்லா ஆசிரியரும் பார்த்திருப்போம். கழித்தல் குறியைப் பார்க்காமல் கூட்டியிருக்கும். 1971-இல் டொனால்ட் மைக்கன்பாம், ஜோசப் குட்மேன் இருவரும் அவசரக்காரப் பிள்ளைகளுக்குத் தங்களோடு தாங்களே பேசிக்கொள்ளக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் பெரியவர் சத்தமாகப் பேசிக்கொண்டே வேலையைச் செய்து காட்டுவார். அடுத்து, அவர் சொல்லச் சொல்லப் பிள்ளை செய்யும். பிறகு பிள்ளையே சத்தமாகச் சொல்லிக்கொண்டு செய்யும், பிறகு முணுமுணுத்துக்கொண்டு, கடைசியில் மனதுக்குள். நான் கணக்குப் பாடத்தில் அப்படியே இதைச் செய்கிறேன். கரும்பலகை முன் நின்று, "இப்ப என்ன கேட்டிருக்காங்க? குறி என்ன? கழித்தல். வட்டம் போட்டுக்கறேன். ஒன்பதை ஏழுலேருந்து கழிக்க முடியாது, பக்கத்துல கடன் வாங்கணும். சரி, அவசரம் இல்ல, திரும்ப ஒரு தடவை பாக்கறேன்" என்று பேசுவேன். வேண்டுமென்றே ஓரிடத்தில் தவறு செய்து, "ஐயோ, குறியப் பாக்கலையே, பரவாயில்ல, அழிச்சிட்டு மறுபடி போடுவோம்" என்றும் சொல்வேன். இந்தக் கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம். இந்தப் பிள்ளைகளுக்குத் தவறு நடந்ததும் தாளைக் கசக்கி எறியத் தோன்றும். தவறுக்குப் பிறகு தனக்குத்தானே என்ன சொல்லிக்கொள்வது என்பதையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இந்த முறை மட்டுமே ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளுக்குப் போதாது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. கணக்கில் பழகியது விளையாட்டு மைதானத்துக்குத் தானாக நடந்து போகாது. அதனால் மைதானத்துக்கு வேறொன்று வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்' என்கிற திட்டம் அங்கே எனக்கு உதவுகிறது. 'இனிமே அடிக்க மாட்டேன்' என்ற சத்தியத்தால் அந்த நொடியில் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் அடிக்காமல் வேறென்ன செய்வது என்று அதில் எதுவும் இல்லை. 'யாராவது பந்தைப் பிடுங்கினா, ரெண்டு எட்டு பின்னால போய் மிஸ்ஸைக் கூப்பிடுவேன்' என்பதில் கால்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. வாசகம் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும், நான் எழுதிக் கொடுத்தால் ஒட்டாது. எழுதிய பிறகு, சண்டை இல்லாத அமைதியான நேரத்தில் நடித்துப் பார்க்கிறோம். நான் பந்தைப் பிடுங்குவேன், அவன் ரெண்டு எட்டு பின்னால் போவான். மறுபடியும், மறுபடியும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, அதனால் சலிப்பதில்லை. மைதானத்துக்குப் போகும் வாசலில் "பந்தைப் பிடுங்கினா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்பேன். பதில் சொல்லிவிட்டு ஓடுவான்.

தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பிடுங்குவதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். யாருக்கு ஓடியாட வேண்டிய தேவை அதிகமோ அவர்களைத்தான் நாம் உட்கார வைக்கிறோம். அடுத்த பாடவேளையில் அதன் பலன் தெரியும். அடித்தவன் அடிபட்டவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. காயத்துக்குத் தண்ணீர் கொண்டு வரட்டும், கிழிந்த பக்கத்தை ஒட்டித் தரட்டும். ஆனால் கொதிப்பு அடங்குவதற்கு முன் "சாரி சொல்லு" என்று நெருக்கினால் வாயிலிருந்து அந்தச் சொல் மட்டும்தான் வரும். கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு வருத்தம் மற்றவர்களைவிட அதிகமாக வரும், நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். யாராவது விழுந்தால் முதலில் ஓடிப்போய்த் தூக்குவதும் இவர்கள்தான், யோசித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

பாராட்டும் உடனே போய்ச் சேர வேண்டும். வாரக் கடைசியில் நட்சத்திரம் என்பதெல்லாம் இவர்களுக்கு வெகுதூரம். அவன் ஒருமுறை பொறுத்திருந்தால், பொறுத்த அந்த நிமிடமே பக்கத்தில் போய், "சொல்ல வாய் வந்துச்சு, ஆனா காத்திருந்தே. பாத்தேன்" என்று தணிந்த குரலில் சொல்வேன். 'நல்ல பையன்' என்றால் எதற்கு என்று அவனுக்குப் புரியாது. எதைச் செய்தான் என்று சொன்னால் அதை மறுபடி செய்ய முடியும். நினைவூட்டுவதும் ரகசியமாகத்தான். என் விரல் அவன் மேசை முனையைத் தொட்டால் அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த சைகை. நாற்பது பேர் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவமானத்தில் இன்னொன்றைச் செய்துவிடுவான்.

பெற்றோர் பலர் அந்த மார்ஷ்மெல்லோ பரிசோதனையைப் பற்றிக் கேட்பார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷெல் சிறுபிள்ளைகளை வைத்து நடத்தியது. மார்ஷ்மெல்லோ என்பது மெத்தென்ற ஒரு மிட்டாய்; இப்போதே வேண்டுமென்றால் ஒன்று, காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்று பரவிய கதையைக் கேட்டு, "எங்க பையன் ஒரு நிமிஷம்கூட இருக்க மாட்டான், அவன் எதிர்காலம் என்ன ஆகும்?" என்று கலங்குகிறார்கள். 2018-இல் ஏறத்தாழ 900 பிள்ளைகளை வைத்து அதை மறுபடி ஆராய்ந்தபோது, குடும்பச் சூழலையும் மற்றத் திறன்களையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஆகவே கலங்க வேண்டாம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு பரிசோதனை. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட்டும் சக ஆய்வாளர்களும் செய்து 2013-இல் வெளியிட்டது. மார்ஷ்மெல்லோவுக்கு முன்பே பிள்ளைகளிடம், "கொஞ்சம் இரு, இதைவிட நல்ல வரையும் பொருள்கள் கொண்டு வர்றேன்" என்று சொன்னார்கள். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டு வந்தார்கள். மீதிப் பேருக்கு, "மன்னிச்சிடு, இல்லையாம்" என்று வெறுங்கையோடு வந்தார்கள். அப்புறம் மார்ஷ்மெல்லோவை வைத்தபோது, வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். காத்திருந்தால் கிடைக்கும் என்று நம்பிக்கை இருந்தால்தானே காத்திருக்கத் தோன்றும்! "அப்புறம் உன்னைக் கேக்கறேன்", "நாளைக்கு நீ படி", "அடுத்த முறை உனக்குத்தான்" என்று வகுப்பில் ஒரு நாளைக்கு எத்தனை வாக்குக் கொடுக்கிறோம், அதில் எத்தனை மறந்துபோகிறது? பொறுத்திருந்து ஏமாந்த பிள்ளைக்குப் பொறுமை நஷ்டம் என்றுதான் பாடம். அதனால் யாருக்கு என்ன சொன்னேன் என்று கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிடுகிறேன். மணி அடிப்பதற்குள் அதை முடித்து அழிக்கிறேன்.

இதையெல்லாம் பார்க்கிற சக ஆசிரியர்கள், "எத்தனை நாளைக்கு இப்படித் தாங்கிப் பிடிக்கறது?" என்று கேட்பார்கள். கண்ணாடி போட்ட பிள்ளையிடம் இன்னும் எத்தனை நாள் கண்ணாடி என்று யாரும் கேட்பதில்லை. தேவை இருக்கிறவரை வேண்டும். சிலருக்கு ஒரு பருவத்தில் போதும், சிலருக்கு வருடங்கள் ஆகும்.

இவ்வளவும் செய்தும் மாறவில்லை, வீட்டிலும் இதே நிலை என்றால் குழந்தைகள் நல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்கச் சொல்கிறேன். ஏடிஎச்டி என்று முடிவு செய்ய, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், குறைந்தது 6 மாதமாவது நீடிக்க வேண்டும், பள்ளி, வீடு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். இதைத் தீர்மானிப்பது ஆசிரியர் வேலை கிடையாது. என் நோட்டை மருத்துவரிடம் கொண்டு போகக் கொடுப்பதுதான் என் வேலை. 'ரொம்ப சேட்டை' என்ற ஒற்றை வரியைவிட அது அவருக்கு உதவும். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதும் அங்கேதான் பேச வேண்டியது. ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் முதலில் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியைத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியே பரிந்துரைக்கிறது. பெரிய பிள்ளைகளில் மருந்தால் நன்றாகத் தேறியவர்களையும் பார்த்திருக்கிறேன். மாத்திரை கொடுக்கிற பெற்றோரைக் குறை சொல்லும் பேச்சை நான் காதில் வாங்குவதில்லை.

வருடக் கடைசியில் இந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதி அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் கொடுக்கிறேன். என்ன தப்புச் செய்தான் என்ற பட்டியல் அதில் இருக்காது. எந்த நேரம் கடினம், எந்த இடத்தில் உட்கார்ந்தால் நன்றாக இருக்கிறான், எந்த வேலையை நம்பிக் கொடுக்கலாம், எது சொன்னால் கொதிப்பு ஏறும், எது சொன்னால் இறங்கும் என்று மட்டும். பின்பக்கம் பிள்ளைக்கு. தனக்கு எது உதவுகிறது என்று அவனே எழுதுவான். ஒருவன், "என்னை வரிசையில் கடைசியில் விடுங்கள், கதவை நான் சாத்துகிறேன்" என்று எழுதியிருந்தான். தாளின் அடியில் நான் எப்போதும் சேர்ப்பது ஒன்று: எங்கள் மேசைச் சைகை பழசாகிவிட்டது, அதைத் தொடர வேண்டாம். முதல் வாரத்திலேயே பிள்ளையோடு உட்கார்ந்து, அதன் விருப்பப்படி புதிதாக ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்.